நாட்டின் பெயரும் மரத்தின் தரமும்: இறக்குமதித் தேக்கு குறித்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மரவாடி உரிமையாளர்கள், சாமில் நடத்துவோர், இறக்குமதியாளர்கள், தச்சர்கள், கட்டடப் பொறியாளர்கள் அனைவருக்கும்:

இறக்குமதித் தேக்கின் விலையைத் தமிழ்நாட்டுச் சந்தை பெரும்பாலும் நாட்டின் பெயரை வைத்தே நிர்ணயிக்கிறது. பர்மா தேக்கு முதல் படியிலும், ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகளின் தேக்கு அதற்குக் கீழுள்ள படிகளிலும் வைக்கப்படுகின்றன. வாங்குபவரும் அந்த வரிசையை அப்படியே ஏற்றுக்கொண்டு, தம் கையிருப்புக்கு ஏற்ற படியில் நின்று விலை பேசுகிறார். இந்த வரிசைக்கு ஒரு காலத்தில் நல்ல காரணம் இருந்தது. அந்தக் காரணம் இன்று பெருமளவு மறைந்துவிட்டது என்பதையும், எந்த நாட்டிலிருந்து எவ்வளவு மரம் எக்காலத்தில் வந்தது என்பதை முறையாக ஒப்பிட்டால், நாட்டின் பெயரைக் காட்டிலும் மரத்தின் வயது, சுற்றளவு, வைரத்தின் பங்கு ஆகிய மூன்றுமே தரத்தைச் சொல்லும் அளவுகோல்கள் என்பது விளங்கும் என்பதையும் எடுத்துரைப்பதே இம்மடலின் நோக்கம்.

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. வணிகத்தில் கடின மரம் எனப்படுவது அகன்ற இலையுடைய மரங்களின் கட்டையையே குறிக்கும். பைன் போன்ற ஊசியிலை மரங்களின் கட்டை மென்மரம் எனப்படும். தேக்கு, வேங்கை, படாக், மலேசியன் சால் என்ற பெயரில் விற்கப்படும் மரங்கள் யாவும் முதல் வகையைச் சேர்ந்தவை. வெட்டிய மரம் பட்டை நீக்கப்பட்டு உருண்டையாகவே வந்தால் அது தடி. பலகையாகவோ சட்டமாகவோ வந்தால் அது அறுத்த மரம். பிளைவுட்டின் மேல் ஒட்டுவதற்காக மெல்லிய தாள் போலச் சீவப்பட்டு வந்தால் அது வெனீர். சுங்கத் துறை இம்மூன்றையும் 4403, 4407, 4408 என்ற வெவ்வேறு தலைப்புகளின் கீழ்ப் பதிவு செய்கிறது. மரத்தின் நடுப்பகுதியில் நிறம் ஏறி இறுகிய பாகம் வைரம். அதைச் சுற்றி வெளுத்திருக்கும் பாகம் வெளிறு. தேக்கைக் கறையானும் பூஞ்சையும் எளிதில் அண்டாததற்கு வைரத்தில் ஊறியிருக்கும் டெக்டோகுவினோன் முதலிய இயற்கை வேதிப்பொருள்கள் முக்கியக் காரணம். வெளிறில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே தேக்கு என்ற பெயரில் விலை கொடுக்கப்படுவது உண்மையில் அதன் வைரத்துக்கே.

பர்மா தேக்கின் புகழ் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1826இல் பர்மாவின் டெனாசரிம் பகுதி ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் மோல்மீனும், அடுத்து ரங்கூனும் தேக்கு ஏற்றுமதித் துறைமுகங்களாக வளர்ந்தன. 1856இல் பெகு பகுதியின் தேக்குக் காடுகளுக்குக் கண்காணிப்பாளராக வந்தவரும், பின்னர் 1864இல் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளராக ஆனவருமான ஜெர்மானியர் டீட்ரிக் பிராண்டிஸ், குறிப்பிட்ட சுற்றளவை எட்டிய மரங்களை மட்டும் தேர்ந்தெடுத்து வெட்டும் முறையை அங்கு நிலைநிறுத்தினார். நல்ல ஈரமுள்ள காடுகளில் அந்த எல்லை ஏழரை அடிச் சுற்றளவாகப் பின்பற்றப்பட்டது. இயற்கைக் காட்டில் ஒரு தேக்கு அந்தப் பருமனை அடைய நூறாண்டுக்கு மேலும் ஆகலாம். அத்தகைய மரத்தின் பட்டையையும் வெளிறையும் சுற்றிலும் வெட்டி, நின்ற நிலையிலேயே அதைச் சாகவிட்டு, ஏறத்தாழ மூன்றாண்டுகள் காயவைத்த பிறகே வீழ்த்தினார்கள். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது என்பதே இதற்குக் காரணம். காட்டிலேயே நின்று காய்ந்து, ஆற்றில் மிதந்து, கப்பலேறி வந்த அந்த மரம் கரை சேரும்போது பெருமளவு பக்குவப்பட்டிருந்தது.

இந்த மரத்துக்காக ஒரு போரே மூண்டது என்று சொல்வது மிகையாகாது. 1863இல் தொடங்கப்பட்ட பம்பாய் பர்மா வணிகக் கழகத்துக்கும் மாந்தலே அரசவைக்கும் இடையே தேக்கு வெட்டியதன் தொடர்பாக எழுந்த வழக்கு, 1885இல் மூன்றாம் ஆங்கில-பர்மியப் போருக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றாகி, மேல் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவுடன் இணைக்கப்படுவதில் முடிந்தது. அதே காலத்தில் பர்மாவில் வட்டித் தொழில் நடத்திய நகரத்தார், காரைக்குடியிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் எழுப்பிய வீடுகளின் தூண்களும் நிலைகளும் உத்தரங்களும் அந்த நூறாண்டு மரத்தின் தரத்துக்கு இன்றளவும் சான்றாக நிற்கின்றன. தமிழர் மனத்தில் பர்மா தேக்கு என்ற சொல்லுக்கு ஏறிய மதிப்பு அந்த வீடுகளிலிருந்து பிறந்தது. ஆயினும் அந்த மதிப்பைத் தந்தது பர்மாவின் மண் மட்டுமன்று. வயதும் சுற்றளவும் பொறுமையான பக்குவமும் சேர்ந்தே அதைத் தந்தன.

இதற்கு அடுத்த கட்டம் இந்தியாவின் சொந்தக் காடுகள் மூடப்பட்டதிலிருந்து தொடங்குகிறது. காடு முதலில் சூழலுக்கும் காட்டைச் சார்ந்து வாழும் மக்களுக்கும் உரியது, தொழிலின் தேவை அதன் பின்னரே என்று 1988ஆம் ஆண்டின் தேசிய வனக்கொள்கை வரையறுத்தது. நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பகுதியில் நடந்த மரவெட்டை எதிர்த்துத் தொடரப்பட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணை, ஒப்புதல் பெற்ற செயல்திட்டம் இல்லாமல் காட்டு மரம் வெட்டுவதை நாடு முழுவதும் நிறுத்தியது. உள்நாட்டுக் காட்டு மரம் சுருங்கிய அதே பத்தாண்டில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் தளர்த்தப்பட்டதால், தூத்துக்குடியிலும் காண்ட்லாவிலும் வெளிநாட்டுத் தடிகள் வந்திறங்கின. செங்கோட்டை போன்ற ஊர்களின் சாமில்கள், மலையிலிருந்து இறங்கிய மரத்தை அறுத்த நிலை மாறி, கப்பலில் வந்த மரத்தை அறுக்கத் தொடங்கின. அறுத்த மரத்தைவிடத் தடிக்குச் சுங்க வரி குறைவாக வைக்கப்பட்டதும் தடியாக வாங்கும் பழக்கத்தை வலுப்படுத்தியது.

ஆனால் இந்தியா வாங்கத் தொடங்கிய வேளையில், விற்கும் நாடுகளோ ஒவ்வொன்றாகத் தடிக்கான கதவைச் சாத்திக்கொண்டிருந்தன. 1985இல் இந்தோனேசியாவும் தீபகற்ப மலேசியாவும் தடி ஏற்றுமதியைத் தடை செய்தன. தென் தாய்லாந்தில் 1988இன் இறுதியில் நேர்ந்த பெருவெள்ளத்தில், மொட்டையாக்கப்பட்ட மலைச்சரிவுகளிலிருந்து மண்ணும் மரமும் சரிந்து ஊர்களை மூடியதைத் தொடர்ந்து, 1989 ஜனவரியில் அந்நாடு இயற்கைக் காட்டில் மரம் வெட்டுவதையே நிறுத்தியது. 1993இல் மலேசியாவின் சபா மாநிலமும், 1995இல் கானாவும், 2010இல் காபோனும் தடி ஏற்றுமதிக்குத் தடை கொண்டுவந்தன. கானாவில் நட்டு வளர்த்த தேக்கு மட்டும் தொடர்ந்து வெளியே சென்றது. மியான்மரின், அதாவது பழைய பர்மாவின், தடை 2014 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. 2016இல் லாவோஸ் அரசு பக்குவப்படுத்தாத மரத்தின் ஏற்றுமதியைத் தடுத்தது. இந்தியாவுக்கு நெடுங்காலம் தடி அனுப்பிய மலேசிய மாநிலமான சரவாக், 2017இல் மரத்துக்கான அரசுக் கட்டணத்தை உயர்த்தி, உள்ளூர் ஆலைகளுக்கு ஒதுக்கும் பங்கையும் கூட்டியது.

இந்தத் தடைகளுக்குப் பின்னால் இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதிர்ந்த மரங்கள் அருகிவிட்டன என்பது ஒன்று. எஞ்சிய மரத்தை உள்ளூரிலேயே அறுத்தால் வேலையும் வருவாயும் தம் மக்களுக்குக் கிடைக்கும் என்பது மற்றொன்று. இரண்டும் நேர்மையான காரணங்கள். இந்தியா தன் காடுகளைக் காத்துக்கொள்ள எடுத்த முடிவுக்கு இருந்த அதே நியாயம் அந்நாடுகளின் முடிவுகளுக்கும் உண்டு. இதிலிருந்து இறக்குமதிக் கணக்கைப் படிப்போருக்கு ஒரு முக்கியப் பாடமும் கிடைக்கிறது. ஒரு நாட்டின் தடி இறக்குமதி திடீரென்று வீழ்ந்தால், அந்நாட்டு மரம் வரவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அது அறுத்த மரமாகவோ வெனீராகவோ வேறு தலைப்பின் கீழ் வந்துகொண்டிருக்கலாம். மியான்மரின் தடைக்குப் பிறகு குர்ஜன் மரத்தின் வெனீருக்காக இந்திய பிளைவுட் நிறுவனங்கள் அந்நாட்டிலும் லாவோஸிலும் ஆலை அமைத்ததும், லாவோஸும் கட்டுப்பாடு விதித்தபின் காபோனின் ஒக்குமே மரத்தை நாடிச் சென்றதும் இவ்வாறு தலைப்பு மாறி, நாடு மாறி நகர்ந்த வணிகத்துக்குச் சான்றுகள்.

மூன்றாம் கட்டமே இன்று நடப்பது: இயற்கைக் காட்டுத் தேக்கின் இடத்தைத் தோட்டத் தேக்கு, அதாவது மனிதர் நட்டு வளர்த்த தேக்கு, பிடித்துக்கொண்டது. உலக உணவு வேளாண்மை அமைப்பு 2010ஆம் ஆண்டு நிலவரத்தைத் தொகுத்தபோது, இயற்கைத் தேக்குக் காடு ஏறத்தாழ 2.9 கோடி ஹெக்டேர் என்றும், அதில் பாதியளவு மியான்மரில் உள்ளது என்றும், நட்டு வளர்த்த தேக்கு சுமார் 43 லட்சம் ஹெக்டேர் என்றும் கணக்கிட்டது. பரப்பில் சிறியதாக இருந்தும், சந்தைக்கு வரும் தடியில் தோட்டத் தேக்கே மேலோங்கி நிற்கிறது. உலகில் எல்லை கடந்து விற்கப்படும் தேக்குத் தடியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை இந்தியாவே வாங்கியதாக, 2014 வரையிலான பத்தாண்டுகளை ஆராய்ந்த அதே அமைப்பின் மற்றோர் ஆய்வு காட்டியது. கானா, ஐவரி கோஸ்ட், பெனின், டோகோ, நைஜீரியா, தான்சானியா, தென் சூடான் ஆகிய ஆப்பிரிக்க நாடுகளும், ஈக்வடார், கோஸ்டாரிக்கா, பனாமா, கொலம்பியா, பிரேசில் ஆகிய அமெரிக்க நாடுகளும் இந்தியச் சந்தையை நம்பியே பெருமளவு தேக்கு அனுப்புகின்றன.

இந்தத் தோட்டங்களின் பிறப்பை அறிந்தால், நாட்டின் பெயரை வைத்துத் தரம் பிரிப்பது எவ்வளவு பொருத்தமற்றது என்பது புலனாகும். தேக்கை நட்டு வளர்க்க முடியும் என்பதை 1840களில் நிலம்பூரில் மலபார் ஆட்சியர் கனோலியும், களத்தில் அப்பணியைச் செய்து முடித்த சாத்து மேனனும் நிறுவினர். டெனாசரிமிலிருந்து கொண்டுசென்ற விதையைக் கொண்டு 1913இல் டிரினிடாட் தீவில் தேக்கு நடப்பட்டது. அமெரிக்க வெப்பமண்டல நாடுகள் பலவற்றின் தோட்டங்கள் அந்த வழியில் வந்த விதையிலிருந்து தோன்றியவை. பனாமாவுக்கு 1926இல் இலங்கையிலிருந்து விதை சென்றது. டோகோவிலும் தான்சானியாவிலும் முதலில் நட்டவர்கள் ஜெர்மானிய ஆட்சியாளர்கள்; தென் சூடானின் யெய் பகுதித் தோட்டங்களோ ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தவை. ஆக, சந்தையில் கீழ்ப்படியில் வைக்கப்படும் அமெரிக்கத் தேக்கில் ஒரு பகுதி, குலவழியில் பர்மா தேக்கேதான். வேறுபாடு மரபில் இல்லை; வளர விடப்பட்ட காலத்தில் இருக்கிறது. தோட்டத் தேக்கு பெரும்பாலும் 20 முதல் 25 ஆண்டுகளில் வெட்டப்படுகிறது. அதற்கு முன்பே, நெருக்கத்தைக் குறைப்பதற்காக இடையிடையே வெட்டி எடுக்கப்படும் இன்னும் இளைய மரங்களும் கொள்கலன் ஏறிச் சந்தைக்கு வந்துவிடுகின்றன.

இளமை என்பது எதை இழக்கச் செய்கிறது என்பதை எளிய கணக்கொன்று காட்டும். வெளிறின் கனம் சுற்றிலும் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 60 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள தடியின் குறுக்கு வெட்டில் வைரம் 47 விழுக்காடு மட்டுமே. 100 சென்டிமீட்டர் சுற்றளவில் அது 66 விழுக்காடாகவும், 240 சென்டிமீட்டர் சுற்றளவில் 85 விழுக்காடாகவும் உயர்கிறது. மெல்லிய தடியை வாங்குபவர் பாதிக்கு மேல் வெளிறுக்கே விலை கொடுக்கிறார். அதே வேளையில் இளைய தேக்கு என்றாலே வலுவற்றது என்று ஒதுக்குவதும் தவறு. பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகள், வேகமாக வளர்ந்த காரணத்தாலேயே தேக்கு வலிமை குன்றிவிடுவதில்லை என்பதை எடுத்துக்காட்டியுள்ளன. குறைபாடு பெரும்பாலும் நீடித்துழைக்கும் தன்மையிலும் நிறத்திலும் முறுக்கேறாத நேர்த்தியிலும் இருக்கிறது. எனவே மழையும் வெயிலும் படும் வாசல் நிலைக்கு முதிர்ந்த வைரமும், வீட்டின் உட்பகுதிக் கதவுக்கும் அறைகலனுக்கும் நன்கு உலர்த்திய இளைய தேக்கும் என்று பயன் அறிந்து பிரிப்பதே முறையாகும்.

பல நாடுகளின் மரத்தைப் பல ஆண்டுகளுக்கு ஒப்பிடும்போது நேரும் பிழைகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். முதலாவது, அளவை பற்றியது. மர வணிகத்தில் நெடுங்காலமாக வழங்கும் ஹாப்பஸ் முறையில், சுற்றளவின் நான்கில் ஒரு பங்கைத் தன்னோடு பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கிக் கன அளவு காண்கிறார்கள். உருளையின் உண்மைக் கன அளவில் இது 78.5 விழுக்காடே ஆகும். ஒரு கன அடிக்கு ஒரே விலை குறிக்கப்பட்ட இரு தடிகளில் ஒன்று ஹாப்பஸ் அளவிலும் மற்றது உண்மை அளவிலும் சொல்லப்பட்டிருந்தால், முன்னதை வாங்குபவருக்கு 27 விழுக்காடு கூடுதல் மரம் கிடைக்கிறது. அளவை முறையைக் கேட்காமல் இரு நாட்டு விலைகளை ஒப்பிடுவது பொருளற்றது.

இரண்டாவது, சராசரி விலை பற்றியது. ஒரு நாட்டுத் தேக்கின் சராசரி விலை குறைந்துவிட்டது என்று பதிவுகள் காட்டினால், விலைதான் சரிந்தது என்று கொள்ள முடியாது; அந்த ஆண்டில் மெல்லிய தடிகள் மிகுதியாக வந்திருக்கலாம். ரூபாய் மதிப்பும் கணக்கைக் குழப்பும். 2004இல் ஏறத்தாழ 45 ரூபாயாக இருந்த டாலர் 2024இல் 83 ரூபாயைத் தாண்டியிருந்ததால், டாலரில் விலையே மாறாத மரமும் இங்கு ஏறக்குறைய இருமடங்காகத் தோன்றும். யோக்கஹாமாவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு வெப்பமண்டல மர அமைப்பு மாதம் இருமுறை வெளியிடும் சந்தை அறிக்கையில், இந்தியத் துறைமுகங்களில் வந்திறங்கும் தோட்டத் தேக்கின் விலை நாடுவாரியாக டாலரில் தரப்படுகிறது. ஒரே நாட்டின் தடிக்கே அதில் குறைந்த விலைக்கும் உயர்ந்த விலைக்கும் இடையே பெரிய இடைவெளி காணப்படுவது, நாட்டின் பெயருக்குள் எத்தனை தரங்கள் அடங்கியுள்ளன என்பதைத் தெளிவாக உணர்த்தும்.

மூன்றாவது, மரம் வளர்ந்த நாடும் அது கப்பலேறிய நாடும் வேறாக இருக்கலாம் என்பது. கடற்கரையே இல்லாத தென் சூடானின் தேக்கு, உகாண்டா வழியாகக் கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தை அடைந்தே வெளியேறுகிறது. வழியில் ஆவணம் மாறினால் ஊரும் மாறிவிடும். 2011 ஜூலையில் தென் சூடான் தனி நாடான பிறகும் சந்தையில் சூடான் தேக்கு என்ற பெயரே நிலைத்திருப்பதால், பழைய கணக்கையும் புதிய கணக்கையும் நேராக ஒட்டவைக்க முடியாது. நான்காவது, சுங்கக் குறியீடுகளே காலந்தோறும் மாறுகின்றன என்பது. பன்னாட்டுச் சுங்கப் பட்டியலின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் தேக்குத் தடிக்கும் அறுத்த தேக்குக்கும் தனித்தனி ஆறிலக்க எண்கள் கிடைத்தன; அதற்கு முற்பட்ட பன்னாட்டுக் கணக்குகளில் தேக்கு மற்ற வெப்பமண்டல மரங்களோடு கலந்து கிடக்கிறது.

ஒப்பீட்டில் எண்களோடு அறமும் சேர வேண்டும். 2021 பிப்ரவரியில் மியான்மரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின், அந்நாட்டின் அரசு மர நிறுவனமான மியான்மா டிம்பர் என்டர்பிரைஸ் மீது ஏப்ரலில் அமெரிக்காவும் ஜூனில் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. மரம் விற்ற பணம் இராணுவ ஆட்சிக்குப் போய்ச் சேர்கிறது என்பதே காரணம். இந்தியாவில் அத்தடை இல்லை என்பதால் அந்த மரத்தை வாங்குவது சட்டமீறல் ஆகாது. ஆயினும் அந்த மரத்தில் செய்த அறைகலனை அந்நாடுகளுக்கு ஏற்றுமதி செய்ய நினைப்பவர் சிக்கலில் மாட்டுவார் என்பதோடு, ஒரு மக்கள்கூட்டத்தின் துயரத்துக்கு அறியாமலேயே துணைபோகும் நிலையும் நேரும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய காடழிப்புத் தடுப்பு ஒழுங்குமுறை, நடைமுறைக்கு வரும் தேதி தள்ளிப்போனாலும், மரம் வளர்ந்த நிலத்தின் இருப்பிடத்தையே துல்லியமாகக் கேட்கிறது. மரத்தின் பிறப்பிடத்தைச் சொல்ல இயலாத வணிகத்துக்கு இனி வெளிநாட்டுச் சந்தை குறுகிக்கொண்டே போகும்.

இவற்றையெல்லாம் கருதி, இத்தொழிலில் உள்ளோர் முன் மூன்று வேண்டுகோள்கள் வைக்கப்படுகின்றன. முதலாவதாக, விற்பனைச் சீட்டில் தேக்கு என்ற சொல்லோடு நாட்டின் பெயரை மட்டும் எழுதாமல், காட்டு மரமா தோட்ட மரமா, தடியின் சுற்றளவு என்ன, எந்த அளவை முறையில் கன அடி கணக்கிடப்பட்டது, வெளிறு நீக்கிய விலையா நீக்காத விலையா என்பனவற்றையும் எழுதித் தருவதைத் தங்கள் சங்கங்கள் வழக்கமாக்க வேண்டும். வாங்குபவரும் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. தேக்கு ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியும் மரமாதலால், தடியின் முனையை இழைத்துப் பார்த்தால் அதன் வயதைப் பெரும்பாலும் எண்ணிச் சொல்லிவிட முடியும். தச்சர்கள் இந்தச் சோதனையை வாடிக்கையாளருக்குக் காட்டித் தந்தால், பர்மா தேக்கு என்ற பெயரில் வேறு மரத்தை விற்கும் வழக்கம் தானே குறையும்.

இரண்டாவதாக, ஒவ்வோர் இறக்குமதியாளரின் கோப்பிலும் தனித்தனியாக முடங்கிக் கிடக்கும் விவரங்களைச் சங்க அளவில் ஒரே பதிவேடாகத் தொகுக்க வேண்டும். எந்த ஆண்டு, எந்த நாடு, எந்தத் துறைமுகம், என்ன சுற்றளவு, அறுத்தபின் எத்தனை விழுக்காடு வைரப் பலகை தேறியது என்ற ஐந்து விவரங்கள் இருந்தாலே, அரசின் சுங்கக் கணக்கு தர முடியாத அறிவு பத்தாண்டில் திரண்டுவிடும். தேறிய பலகையைக் கொண்டு கணக்கிட்டால், மலிவாகத் தோன்றிய தடி உண்மையில் விலை மிகுந்தது என்பதும், விலை மிகுந்ததாகத் தோன்றியது கட்டுபடியாகக் கூடியது என்பதும் அவரவர் பட்டறையிலேயே வெளிப்படும்.

மூன்றாவதாக, உள்நாட்டுத் தேக்கின்பால் கவனம் திரும்ப வேண்டும். ஆனைமலைத் தேக்கு ஒருகாலத்தில் டாப்சிலிப் சரிவிலிருந்து இறங்கிக் கப்பல் கட்டும் தளங்களுக்குச் சென்றது. காவிரிப் படுகையின் வாய்க்கால் கரைகளில் வனத்துறை நட்ட தேக்கு, ஆற்று வண்டலில் நன்றாக வளரக்கூடியது என்பதைக் காட்டியிருக்கிறது. உழவர் தம் வரப்பில் நடும் தேக்கை 15 ஆண்டுகளில் வெட்டிவிடாமல், இன்னும் சில பத்தாண்டுகள் நிறுத்திவைக்கும்படி செய்ய வல்லவர்கள் மரவணிகர்களே. சுற்றளவு கூடக்கூட ஒரு கன அடிக்கான விலையும் கூடும் என்பதை வெளிப்படையாக அறிவித்து, அதன்படி வாங்கினால், காத்திருப்பதற்கு உழவருக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

விற்கும் நாடுகளின் வரிசை இனியும் மாறிக்கொண்டேதான் இருக்கும். இன்று தோட்டத் தடியை அனுப்பும் நாடுகளும், இந்தோனேசியாவும் மியான்மரும் செய்ததைப் போல, தம் மக்களுக்கு வேலை வேண்டி, அறுத்த மரமாக மட்டுமே விற்போம் என்று நாளை முடிவெடுக்கலாம். அப்படி முடிவெடுக்க அவற்றுக்கு முழு உரிமையும் உண்டு. அந்நாளில் நாட்டின் பெயரை மட்டும் அறிந்த வணிகர் அடுத்த பெயரைத் தேடி அலைவார். மரத்தை அறிந்த வணிகரோ, எந்த நாட்டிலிருந்து எந்த உருவில் வந்தாலும் அதன் தகுதியை அளந்து, நேர்மையான விலைக்கு விற்பார். அந்த அறிவைத் தங்களுக்குள் பகிர்ந்து, எழுதி வைத்து, அடுத்த தலைமுறைத் தச்சருக்கும் வணிகருக்கும் கற்றுக்கொடுக்குமாறு தங்கள் அனைவரையும் இம்மடல் உளமாரக் கேட்டுக்கொள்கிறது.